நிர்ப்பீடனத்தின் இரு முகங்கள்: இலங்கையின் காய்ச்சல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதி, வில்பத்துக் காட்டினுள் நுழையுமுன் கலா ஓயாவைக் கடக்கின்றது. அவ்வாற்றை அண்டியுள்ள ஊர் எலுவன்குளம். வரண்ட வலயத்தின் ஏனைய குளத்தூர்களைப் போலவே இப்பகுதியும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலேரியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இத்தகைய ஊர்களிற் பிறந்த குழந்தை மீண்டும் மீண்டும் காய்ச்சலுக்கு ஆளாகியது. தப்பிப் பிழைத்தால், வீங்கிய மண்ணீரலோடும் ஓரளவு நிர்ப்பீடனத்தோடும் வளர்ந்தது.

இந்நிர்ப்பீடனத்தின் வலிமை 1934-35 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது வெளிப்பட்டது. தென்மேல் பருவமழை பொய்த்தமையால் மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் அனோபிலிசு நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பேரழிவு நிகழ்ந்தது கேகாலை, குருநாகல் போன்ற, முன்னர் நோயை மிகுதியாக அறியாத பகுதிகளிலேயே. காய்ச்சலோடு பழகிய வரண்ட வலயம் ஒப்பீட்டளவிற் குறைவாகவே பாதிக்கப்பட்டது. எனினும், அப்பாதுகாப்புக்கு விலையாகத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் உயிர்கள் கொடுக்கப்பட்டிருந்தன என்பதை வரலாற்று நூல்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

நோயுற்றுத் தேறியவன் அந்நோயினின்று காக்கப்படுவான் என்பது மருத்துவத்தின் பழைய நம்பிக்கை. அம்மை நோய் அதனை உறுதிப்படுத்தியது. மலேரியாவும் ஓரளவுக்கு அதற்கு இசைந்தது. அந்நம்பிக்கையைக் குலைத்தது டெங்கு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆல்பேர்ட் சேபின் தொண்டர்களிடம் நிகழ்த்திய ஆய்வுகள், டெங்கு வைரசில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டெனக் காட்டின. ஒரு வகையாற் பீடிக்கப்பட்டவர் அவ்வகைக்கு எதிராக நீடித்த காப்புப் பெற்றார். பிற வகைக்கு எதிரான காப்போ சில மாதங்களே நின்றது. 1956 இல் மணிலாவிற் பரவிய நோயின்போது மேலும் இரு வகைகள் கண்டறியப்பட, மொத்தம் நான்காயின. 1960களில் பாங்கொக் நகரில் ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் புதிரான ஒன்றைக் கண்டார். குருதிப்பெருக்குக் காய்ச்சலால் வருந்திய பிள்ளைகளுட் பெரும்பாலோர் இரண்டாம் முறை டெங்கு தொற்றியவர்கள். முதற்றொற்றிலேயே கடுமையாக நோயுற்ற கைக்குழந்தைகளோ, டெங்கு நிர்ப்பீடனமுடைய தாய்மாருக்குப் பிறந்தவர்கள்; தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் அவர்களது குருதியிற் குறைந்துகொண்டிருந்தன.

பழைய வகைக்கென உருவாகிய பிறபொருளெதிரி புதிய வகை வைரசைப் பற்றிக்கொள்கிறது. ஆயின் அதனைச் செயலிழக்கச் செய்ய இயலவில்லை. பற்றிய நிலையில் இரண்டும் சேர்ந்து வெண்குருதிக் கலத்தை அடைகின்றன. பிறபொருளெதிரியை ஏற்கும் வாயில் அக்கலத்தில் உண்டு. அவ்வழியே வைரசும் உட்புகுந்து பெருகுகின்றது. காவலனே கள்வனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற கதை இது. கியூபாவில் 1977 இல் முதலாம் வகையும் 1981 இல் இரண்டாம் வகையும் பரவின. பின்னதில் 344,203 பேர் நோயுற்று 158 பேர் இறந்தமை இக்கொள்கைக்குப் பெருஞ்சான்றாயிற்று.

இலங்கையின் வரலாறோ இக்கொள்கைக்கு அத்துணை எளிதில் அடங்குவதன்று. இங்கு 1962 இல் டெங்கு குருதிச் சோதனையால் உறுதிப்பட்டது. 1980களின் தொடக்கத்திலேயே கொழும்பில் நான்கு வகைகளும் உலவின. இரண்டாம் தொற்றும் அரிதன்று. ஆயினும் குருதிப்பெருக்குக் காய்ச்சல் அருகியே காணப்பட்டது. 1989 இலேயே அது கொள்ளைநோயாக வெடித்தது. பரவலின் அளவோ வகைகளின் விகிதமோ பெரிதும் மாறாதிருக்க, மூன்றாம் வகையின் புதியதொரு மரபுப்பிரிவு தோன்றியிருந்தமையை ஆய்வாளர் சுட்டினர். பிறபொருளெதிரி மட்டும் போதாது, வைரசின் இயல்பும் இணைய வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் முடிபு. ஹால்ஸ்டெட்டின் கொள்கையை இது மறுக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகின்றது. 2009 முதல் முதலாம் வகை மேலோங்கியிருந்த நாட்டில் இரண்டாம் வகை மீண்டும் தலைதூக்கியபோது, 2017 இல் 186,101 பேர் நோயுற்றனர். 440 பேர் இறந்தனர்.

இவ்வறிவைப் புறக்கணித்தால் நேர்வது என்ன என்பதைப் பிலிப்பைன்ஸ் காட்டியது. 2016 ஏப்ரல் முதல் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு தொற்றாதவர்களில் அது பிற்காலத்திற் கடும்நோய் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என 2017 நவம்பரில் அதன் உற்பத்தியாளரே அறிவித்தனர். ஹால்ஸ்டெட் இவ்வச்சத்தை முன்னரே வெளியிட்டிருந்தார்.

1947 இல் உகண்டாவிற் கண்டறியப்பட்ட சிகா வைரசு டெங்குவின் நெருங்கிய உறவினம். 2015 இல் அது பிரேசிலிற் பரவியபோது, டெங்கு பிறபொருளெதிரி இங்கும் தீங்கு செய்யுமோ என்ற அச்சம் எழுந்தது. பிரேசிலில் நிகழ்ந்த ஆய்வில் டெங்கு பிறபொருளெதிரி மிகுந்தவர்களுக்குச் சிகா தொற்றும் வாய்ப்புக் குறைந்தே காணப்பட்டது. மாறாக, சிகா தொற்றிய பிள்ளைகளுக்குப் பின்னர் இரண்டாம் வகை டெங்கு கடுமையாகும் வாய்ப்புக் கூடியதை 2020 இல் வெளிவந்த நிக்கராகுவா ஆய்வு காட்டியது. எது முந்தியது என்பதே விளைவைத் தீர்மானிக்கின்றது போலும்.

இலங்கையில் உள்நாட்டிலேயே மலேரியா தொற்றிய இறுதி நோயாளி 2012 இல் இனங்காணப்பட்டார்; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு மலேரியா ஒழிப்புச் சான்றளித்தது. எலுவன்குளத்தில் இன்று வளரும் பிள்ளையிடம் பாட்டனாரின் மலேரியா நிர்ப்பீடனம் இல்லை. அப்பிள்ளைக்கு டெங்கு முன்னரே தொற்றியதா என்பதையும் குருதிச் சோதனையின்றிக் கூறவியலாது. டெங்குத் தொற்றுகளுட் பெரும்பாலானவை அறிகுறியேதுமின்றிக் கடந்துபோகின்றன.