சென்ட்ரல் பக்கத்து டவுன் ஹால்

திருப்பாச்சூர்க்காரர்களான நாம் திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் இறங்குவது மூர் மார்க்கெட் வளாகத்தில். 1985-ல் எரிந்துபோன மார்க்கெட்டின் இடம் அது. அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில் ஒரு கட்டடம் நிற்கும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் விக்டோரியா பொது மண்டபம், பழைய ஆட்கள் வாயில் டவுன் ஹால்.

சென்னையில் பொதுக்கூட்டம் போட ஒரு பெரிய கூடம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் கொடுத்தார்கள். 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. வரைபடம் சிஷோமுடையது, கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழா வந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்தது நம்மவர்கள், பெயர் மட்டும் ராணிக்கு! கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம்.

1897-ல் விவேகானந்தர் இங்கே பேசியிருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்த கதை நாடகத்தைப் பற்றியது. பம்மல் சம்பந்த முதலியாருக்கு இளவயதில் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. 1891-ல் பல்லாரியில் இருந்து வந்த தெலுங்குக் குழு இந்த மண்டபத்தில் நடத்திய நாடகத்தைப் பார்த்தார். படித்தவர்களே மேடையேறி நடித்ததைக் கண்டதும் மனம் மாறியது. அதே வருடம் ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். கூத்தாடி என்று கேலி செய்யப்பட்ட தொழிலுக்கு வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபாவில் நடித்தவர்தான். 1954-ல் சிவாஜி நடித்த 'மனோகரா' பார்த்திருப்பீர்களே, அதன் மூலம் முதலியார் இந்தச் சபாவுக்காக எழுதிய நாடகம்.

சபா பல வருடம் இந்த மண்டபத்திலேயே இருந்துவிட்டு 1936-ல் மவுண்ட் ரோடுக்குப் போய்விட்டது. மண்டபத்துக்கு இறங்குமுகம் அங்கேதான் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாள் வந்து போய்விடுவார்கள். நாடகக்காரர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து இடத்தைத் தன் வீடு மாதிரி வைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு சிக்கல் நிலம். அது மாநகராட்சியுடையது, கட்டடமோ அறங்காவலர்கள் கையில். 99 வருடக் குத்தகை 1985-ல் முடிந்தது (மார்க்கெட் எரிந்த அதே வருடம்!). அப்புறம் வழக்கு, இழுபறி. அதற்குள் கட்டடம் பாழடைந்தது. 2023-ல்தான் மாநகராட்சி கோடிக்கணக்கான ரூபாய் செலவில் முழுச் சீரமைப்பில் இறங்கியது.

அடுத்த தடவை மூர் மார்க்கெட்டில் இறங்கினால் ஐந்து நிமிடம் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். கோபுரத்தின் கூரை கேரளத்துக் கோயில் கூரை போலவே இருக்கும்.