கொடைக்கானலும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும்

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல், 1901 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்துவரும் ஊராகும். தொடக்கத்தில் இங்கிருந்து சென்றோர் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகள். பின்னர் இந்தியரும் பிற நாட்டினரும் அதே வகுப்பறைகளில் படித்து அதே கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாயினர். பாடமும் தேர்வும் ஒன்றாயிருந்தும் இவ்விரு சாராரின் சேர்க்கை வாய்ப்பு ஒன்றன்று. மதிப்பெண்ணுக்கு அப்பால் குடியுரிமை, குடும்பத்தின் பொருள்வளம் ஆகிய இரண்டும் அதனை வேறுபடுத்துகின்றன. இக்கட்டுரை இளங்கலைச் சேர்க்கையைப் பற்றியது. முதுகலை, முனைவர் பட்டச் சேர்க்கையின் நடைமுறை வேறு.

வரலாறு

மதுரையில் 1834 இல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெப்பத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்ப 1845 இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு நெடுங்காலம் தீராத சிக்கலாகவே இருந்தது. கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பெற்றோரைக் காணாது வளர்ந்தனர். இதற்குத் தீர்வாக மிஷனரி ஷெர்வுட் எடியின் தாயார் மார்கரெட் எடியின் முயற்சியால் 1901 இல் ஏரிக்கு அருகில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஹைகிளர்க் பள்ளி எனப்பட்ட அது அமெரிக்கப் பாடமுறையைப் பின்பற்றியது. படிப்பு முடிந்ததும் பிள்ளை தாய்நாட்டுக் கல்லூரி ஒன்றில் தடையின்றிச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்திய விடுதலைக்குப் பின் திருச்சபைகளின் பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தது. மிஷனரிக் குடும்பங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 1970களில் பள்ளி தன் பெயரையும் போக்கையும் மாற்றிக்கொண்டு கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி ஆயிற்று. அன்று முதல், "தாய்நாட்டுக்குத் திரும்பும்" மாணவருக்காக அமைந்த ஒரு பள்ளி, அமெரிக்காவை அயல்நாடாகக் கொண்ட மாணவரையும் அங்கு அனுப்பும் பள்ளியாக மாறியது.

ஐ.பி. பட்டயம்

1968 இல் ஜெனீவாவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் (ஐ.பி.) அமைப்பின் பட்டயப் படிப்பை இந்தியாவில் முதன்முதலாக 1976 இல் ஏற்றது இப்பள்ளியே. ஆறு பாடங்களுக்குத் தலா 7 புள்ளிகள், நீள்கட்டுரை, அறிவுக் கோட்பாடு ஆகியவற்றுக்காக 3 புள்ளிகள் என மொத்தம் 45 புள்ளிகள் கொண்டது இப்படிப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதனை மேல்நிலைக் கல்விக்கு இணையாக ஏற்றது 1983 இல்தான்.

ஐ.பி. படித்தால் அமெரிக்காவில் இடம் உறுதி என்ற நம்பிக்கை பெற்றோரிடையே பரவலாக உள்ளது. அது சரியன்று. சேர்க்கை அலுவலர் ஒரு மாணவரை அவர் பள்ளியில் கிடைத்த வாய்ப்புகளோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார். பள்ளியில் உள்ள கடினமான பாடங்களை அவர் எடுத்தாரா, அவற்றில் எவ்வாறு தேறினார் என்பதே கேள்வி. மாநிலப் பாடத்திட்டத்திலும் மத்தியப் பாடத்திட்டத்திலும் படித்தோரும் சேர்க்கப்படுகின்றனர். மேலும், 1976 இல் இந்தியாவில் ஒரே பள்ளியில் இருந்த இப்படிப்பு இன்று பல பள்ளிகளில் உள்ளது. அதன் அருமை குறைந்துவிட்டது.

குடியுரிமையின் இடம்

அமெரிக்கக் கல்லூரிகள் "பன்னாட்டு மாணவர்" என்று கூறுவது படித்த ஊரை வைத்தன்று, கடவுச்சீட்டை வைத்து. கொடைக்கானலிலேயே பள்ளிப்படிப்பு முழுவதையும் முடித்த அமெரிக்கக் குடிமகன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் உள்நாட்டு விண்ணப்பதாரராகவே கருதப்படுகிறார். நடுவணரசின் கல்வி உதவிக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் அமெரிக்காவில் பணிபுரிந்த காலத்தில் அங்கே பிறந்து, பின் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளும் இவ்வகையினரே. அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதே ஆசிரியரிடம் அதே பாடம் படித்த இந்தியக் குடிமகன் பன்னாட்டுப் பிரிவில் வைத்துப் பார்க்கப்படுகிறார்.

இதன் விளைவை எண்களில் காணலாம். மேற்கூறிய தொழில்நுட்பக் கழகம் தன் இளங்கலை மாணவரில் பன்னாட்டினரின் பங்கை ஏறத்தாழ 10 விழுக்காட்டளவில் வரையறுத்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அங்கு உள்நாட்டு விண்ணப்பதாரரில் 5 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்டோர் இடம்பெற, பன்னாட்டினரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே இடம்பெற்றனர். ஆகவே ஒரு கல்லூரியின் பொதுவான சேர்க்கை விழுக்காட்டை மட்டும் பார்த்து இந்திய மாணவர் தம் வாய்ப்பைக் கணிப்பது பிழையாகும்.

பொருள்வளத்தின் இடம்

தேர்வுக் கடுமை மிக்க தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம், உறைவிடம், உணவு ஆகியவை சேர்ந்து 2024-25 இல் ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டின. இச்செலவை ஏற்க இயலாத குடும்பத்தின் பிள்ளை விண்ணப்பிக்கும்போது கல்லூரி இரண்டு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றும். மாணவரின் பண வசதியைக் கருதாமல் முடிவெடுத்தல் தேவை நோக்காச் சேர்க்கை எனலாம். உதவி கேட்பதையும் ஒரு காரணியாக எடைபோடுதல் தேவை நோக்கும் சேர்க்கை எனலாம்.

உள்நாட்டு மாணவருக்குத் தேவை நோக்காத கல்லூரிகள் பல. பன்னாட்டு மாணவருக்கும் அவ்வாறே செய்து, அவர்தம் தேவை முழுவதையும் ஈடுசெய்வனவோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆர்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்கெர்ஸ்ட் கல்லூரி ஆகியவை நெடுநாளாக இப்பட்டியலில் உள்ளன. டார்ட்மவுத், பௌடின் ஆகியவை 2022 இல் இம்முறையை அறிவித்தன. பிரௌன், நோட்ரடேம் ஆகியவை 2024 முதல் விண்ணப்பித்தோர்க்கு நடைமுறைப்படுத்தின. உலகெங்குமிருந்து உதவி வேண்டுவோர் இவற்றையே நாடுவதால் இங்கு போட்டி மிகக் கடுமை என்பதையும் மறக்கலாகாது. 2024 இல் நுழைந்த அணிக்கு ஆர்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தனர். இடம் பெற்றோர் 4 விழுக்காட்டிற்கும் குறைவு.

தேவை நோக்கும் கல்லூரிகளில், உதவி கேட்டால் வாய்ப்புக் குறையும் என்று அஞ்சி விண்ணப்பத்தில் "தேவையில்லை" எனக் குறிப்பிடுவோர் உண்டு. இது தீங்கான உத்தி. சேரும்போது உதவி கேளாத பன்னாட்டு மாணவர் பின் ஆண்டுகளில் கேட்க இயலாது என்பது பல கல்லூரிகளின் விதியாகும். முதலாண்டுக் கட்டணத்தைக் கடன்வாங்கிக் கட்டிவிட்டு இரண்டாமாண்டில் திகைத்து நிற்க நேரிடும்.

விழுக்காடும் வாய்ப்பும்

ஒரு பொது விண்ணப்பத் தளத்தின் வழியே 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்க இயலும். ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு வாய்ப்பு எனில், இருபதில் ஒன்றிலேனும் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு என்று கணக்கிடத் தோன்றும். நாணயச் சுண்டலுக்குப் பொருந்தும் இக்கணக்கு இங்குப் பொருந்தாது. இருபது கல்லூரிகளும் படிப்பது ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரே பரிந்துரைக் கடிதங்கள், பெரும்பாலும் ஒரே கட்டுரை. ஒன்றில் தடையாகும் குறை மற்றவற்றிலும் தடையாகக்கூடும்.

அமெரிக்காவில் இந்திய மாணவர் எண்ணிக்கையைக் காட்டி நம்பிக்கையூட்டுவதும் அவ்வாறே. 2023-24 இல் அங்கு 3,31,602 இந்திய மாணவர் இருந்தனர். எந்த நாட்டினரிலும் இதுவே மிகுதி. ஆனால் அவர்களுள் இளங்கலையில் பயின்றோர் ஏறத்தாழ 36 ஆயிரம் பேரே. எஞ்சியோரில் பெரும்பாலோர் முதுகலை, ஆய்வுப் படிப்பினரும் படிப்பு முடித்துத் தொழிற்பயிற்சியில் இருப்போரும் ஆவர்.

விண்ணப்பம்

ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், ஆசிரியர் பரிந்துரைகள், பள்ளி ஆலோசகரின் அறிக்கை, 650 சொற்களுக்கு மிகாத தன்வரலாற்றுக் கட்டுரை ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுகின்றன. 1600 புள்ளிகள் கொண்ட சாட் தேர்வு 2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில் பல இடங்களில் விருப்பத்திற்கு விடப்பட்டது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022 இலும், ஆர்வர்டு, டார்ட்மவுத், பிரௌன் ஆகியவை 2024 இலும் நுழைவுத் தேர்வுக் கட்டாயத்தை மீண்டும் அறிவித்தன. பள்ளி ஆலோசகர் என்ற பணியிடமே இல்லாத பள்ளிகளின் மாணவர்க்குத் தலைமையாசிரியரே அறிக்கை எழுத வேண்டியுள்ளது. கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி போன்றவற்றின் உண்மையான அனுகூலம் பாடத்திட்டத்தைவிட இத்தகைய பழக்கத்திலேயே உள்ளது எனலாம்.

முடிவுகள் பெரும்பாலும் மார்ச் இறுதியில் வெளியாகும். ஐ.பி. இறுதிப் புள்ளிகளோ சூலைத் தொடக்கத்தில்தான் கிடைக்கும். அவை பெரிதும் வீழ்ந்தால் அளித்த இடத்தைக் கல்லூரி திரும்பப் பெறலாம்.

நுழைவிசைவு

இடம் கிடைத்தபின், கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்துடன் எஃப்-1 நுழைவிசைவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலாண்டுச் செலவுக்கான பணம் உள்ளதையும், படிப்பு முடிந்து நாடு திரும்பும் எண்ணத்தையும் நேர்காணலில் நிறுவுவது மாணவரின் பொறுப்பு. கொடைக்கானல் மாணவர்க்கு அண்மையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகங்களுள் ஒன்றான சென்னைத் தூதரகம் சாலைவழியே 500 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. 2025 மே இறுதியில் உலகெங்கும் மாணவர் நேர்காணலுக்குப் புதிதாக நாள் ஒதுக்குவது நிறுத்தப்பட்டு, சூன் 18 அன்று, சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அதே மே மாதம் 22 ஆம் நாள் ஆர்வர்டு பல்கலைக்கழகம் பன்னாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையை அமெரிக்க அரசு நீக்கியது; மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு மார்ச்சில் இடம் பெற்றுவிட்டு நேர்காணலுக்குக் காத்திருந்த மாணவர்க்கு வகுப்புகள் தொடங்க அப்போது மூன்று மாதங்களே இருந்தன.