குற்றப் பொறுப்பின் வயதும் செங்கல்பட்டு சிறார் இல்லமும்

ஒரு குழந்தையின் செயலை எந்த வயது முதல் குற்றமாகக் கொள்ளலாம் என்று சட்டம் வகுக்கும் எல்லையே குற்றப் பொறுப்பின் வயது. செயல் மட்டும் போதாது, குற்ற மனமும் வேண்டும் என்னும் ஆங்கிலேயக் குற்றவியல் கோட்பாட்டிலிருந்து பிறந்தது இது. பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டம் 7 வயது நிரம்பாதவரைத் தண்டிக்கவில்லை. 7 முதல் 14 வயதுக்குள் இருப்பவர் நல்லது கெட்டது அறியாதவர் என்றே கருதப்பட்டார்; அறிந்தே செய்தார் என மெய்ப்பிப்பது வழக்குத் தொடுத்தவரின் கடமை. இங்கிலாந்து 1963-இல் எல்லையை 10 வயதாக உயர்த்தியது. 1998-இல் 10 முதல் 14 வரையிலானோருக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. அது பின்னோக்கிய அடி.

1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் 7 வயதை எல்லையாக்கியது. 7 முதல் 12 வயதுக்குள் இருப்பவர், செய்வதன் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாமல் செய்தது குற்றமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21 பிரிவுகளும் இதையே சொல்கின்றன.

சட்டத்தின் பிடிக்குள் வந்த சிறுவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குச் செங்கல்பட்டில் ஒரு விடை உருவானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குற்றம் செய்த சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் தொழிலும் எழுத்தும் கற்பிக்கும் சீர்திருத்தப் பள்ளி இங்கு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக இன்றும் அரசினர் சிறப்பு இல்லம் இவ்வூரில் இருக்கிறது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குற்ற நோக்கம் இல்லாதவர் என்ற அனுமானம் 18 வயது வரை நீள்கிறது. ஆனால் 16 வயது நிரம்பியவர்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், குழுமத்தின் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் பெரியவரைப் போல விசாரிக்கவும் வழி உண்டு.

2022 டிசம்பர் இறுதியில், திருட்டுப் புகாரில் செங்கல்பட்டு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் தாக்கியதாகக் கொலை வழக்குப் பதிவாகி, அவர்கள் கைது செய்யப்பட்டனர். இதையடுத்து, சிறார் இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு 2023-இல் அமைத்தது. குழந்தையின் மனத்தை இவ்வளவு நுணுக்கமாக எடைபோடும் சட்டம், அவன் உடலைக் காக்கத் தவறியதை எந்த விளக்கத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, சில விலக்குகள் தவிர, சிறாருக்கு ஜாமீன் தருவதையே விதியாக்குகிறது. பிடிபட்ட பிள்ளையின் பெற்றோர் முதல் நாளிலேயே அதைக் கேட்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரை அமர்த்தித் தரும்.