பத்து பவுண்டு சம்பளமும் ஒரு கும்பினியின் பண்பாடும்

புத்தொழில் நிறுவனங்களைப் பற்றிய உரையாடல்களில் இன்று அடிக்கடி கேட்கும் சொல் ‘நிறுவனப் பண்பாடு’. நிறுவனம் சிறிதாக இருக்கும்போதே நல்ல பண்பாட்டை ஊன்றிவிட வேண்டும், பின்னர் அது தானே வளரும் என்பது பொதுவான அறிவுரை. அதற்கென விழுமியங்கள் வகுக்கப்படுகின்றன, உறுதிமொழிகள் எடுக்கப்படுகின்றன. தடாவுக்கு அருகே 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டியின் தொழிற்கூடங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் இந்தப் பேச்சு புதியதாகத் தோன்றலாம். ஆனால் இதே கரையில் நானூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வி ஒருமுறை எழுந்து, தவறான விடையைப் பெற்றது. அந்த விடைக்கு இந்நாடு கொடுத்த விலை சிறியதன்று.

தடாவுக்குத் தெற்கே பழவேற்காடு, வடக்கே துர்கராஜபட்டினம். முன்னதில் டச்சுக் கும்பினியார் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். பின்னதில் ஆங்கிலேயக் கும்பினியார் 1626-இல் பண்டகசாலை அமைத்து அதற்கு ‘ஆர்மகான்’ என்று பெயரிட்டனர். இடத்தைப் பெற உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பது வழக்கு. அதற்கு முன் 1621 முதல் இரண்டாண்டுகள் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் நிழலில் ஒண்டியிருந்து, தாங்க இயலாமல் வெளியேறியிருந்தனர்.

அன்றைய ஆங்கிலேயக் கும்பினியைப் பிற்காலப் பேரரசின் கண்ணாடி வழியே பார்க்கக் கூடாது. 1600 டிசம்பர் 31-இல் அரச பட்டயம் பெற்ற அந்நிறுவனத்துக்கு 1657 வரை நிலையான முதலீடு கிடையாது. தொடக்கத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டப்பட்டது. 1613-க்குப் பின் சில ஆண்டுகளுக்கான கூட்டு முதல் திரட்டப்பட்டு, தவணை முடிந்ததும் கணக்கு தீர்க்கப்பட்டது. அடுத்த முதல் திரளுமா என்பதே ஐயமாக இருந்த காலத்தில், கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேலாகும் தொலைவில் அதன் ஊழியர்கள் பணியாற்றினர். இன்றைய பொருளில் இது ஒரு தொடக்கநிலை நிறுவனமே.

ஆர்மகானின் தலைவராயிருந்த பிரான்சிஸ் டே, அங்கே நல்ல துணி போதிய அளவு கிடைக்கவில்லை என்று கண்டு தெற்கே இடம் தேடினார். தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து 1639-இல் மதராசபட்டினத்துக்கான உரிமை கிடைத்தது. 1640-இல் டேயும் அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் அங்கே குடிபெயர்ந்து கோட்டை கட்டத் தொடங்கினர். செலவு யாருடையது? கோட்டைப் பணத்துக்கான வட்டியைத் தாமே தருவதாக டே முதலில் சொன்னார். வந்து சேர்ந்ததும் பின்வாங்கினார். லண்டன் இயக்குநர்களோ அந்தச் செலவையே குற்றமாகக் கருதினர். கோகன் நாடு திரும்பிய பின் விசாரணைக்கு உள்ளாகி, கடைசியில் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் கும்பினியின் தலைமையிடங்களுள் ஒன்றான புனித ஜார்ஜ் கோட்டை, அதைக் கட்டியவர்களுக்குக் கணக்குக் கேட்கப்பட்ட குற்றமாகவே முதலில் அமைந்தது.

இதிலிருந்து ஊழியர்கள் கற்ற பாடம் எளிது: நிறுவனத்துக்காக எடுக்கும் இடருக்கு நிறுவனம் துணை நிற்காது; எனவே தனக்கென்று ஒன்று சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை.

சம்பளமும் இதையே கற்பித்தது. 1672-இல் சென்னைக்கு எழுத்தராக வந்த எலிஹூ யேலின் ஆண்டுச் சம்பளம் பத்து பவுண்டு. ஊழியர்கள் பிணைப்பத்திரம் எழுதித் தந்தனர். கோட்டையில் பொது மேசையில் பணி மூப்பின் வரிசையில் அமர்ந்து உண்டனர். கடிதத்துக்குக் கடிதம் சொந்த வணிகம் கண்டிக்கப்பட்டது. ஆனால் பத்து பவுண்டுக்காக எவரும் ஆறு மாதக் கடற்பயணத்தையும் அயல்மண்ணின் காய்ச்சலையும் ஏற்க மாட்டார் என்பது விதியை எழுதியவர்களுக்கும் தெரியும். எழுதப்பட்ட பண்பாடு ஒன்று, ஊதியப் பட்டியலில் மறைந்திருந்த பண்பாடு மற்றொன்று. இரண்டாவதே வென்றது.

எல்லோரும் மீறும் விதி பயனற்றுப் போவதில்லை. அது வேண்டாதவர் மீது எறியும் ஆயுதமாகிறது. சொந்த வணிகம் குறித்த ஐயத்தால் எட்வர்ட் வின்டரை நீக்கி, 1665-இல் ஜார்ஜ் பாக்ஸ்கிராப்டை அனுப்பியது கும்பினி. அவ்வாண்டு செப்டம்பரில் வின்டர், அரசருக்கு எதிராகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டிப் பாக்ஸ்கிராப்டைச் சிறையிலடைத்துக் கோட்டையைக் கைப்பற்றினார். ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவர் அந்த மோதலில் உயிரிழந்தார். 1668 ஆகஸ்டு வரை கோட்டை வின்டரிடமே இருந்தது. அதன் பின்னும் அவர் சில ஆண்டுகள் சென்னையிலேயே வாழ்ந்தார். கணக்கு முறைகளையும் அலுவல் ஒழுங்கையும் சீர்செய்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1681-இல் பதவி நீக்கப்பட்டார். 1687 முதல் ஆளுநராயிருந்து பெருஞ்செல்வம் சேர்த்த யேலும் 1692-இல் நீக்கப்பட்டார். அவர் பின்னர் அனுப்பிய பொருள்களை 1718-இல் விற்றுவந்த பணமே அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அவர் பெயரைத் தந்தது.

இங்கு ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆங்கிலேயக் கும்பினி 1660-களிலும் 1670-களிலும் ஆசியத் துறைமுகங்களுக்கிடையிலான வணிகத்தைத் தன் ஊழியர்களுக்குப் படிப்படியாகத் திறந்துவிட்டது. டச்சுக் கும்பினி தடையைத் தளர்த்தாமல் கடத்தலில் நலிந்தது. இந்தச் சொந்த வணிகமே ஆங்கிலேயக் கும்பினிக்குப் புதிய சந்தைகளையும் செய்திகளையும் கொண்டுவந்து அதை வலுப்படுத்தியது என்று எமிலி எரிக்ஸன் 2014-இல் வெளியான தம் நூலில் வாதிடுகிறார். நடைமுறையை ஒப்புக்கொண்டு விதியை மாற்றியது பொய்யான விதியைக் காப்பதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ‘நலமான பண்பாடு’ என்னும்போது யாருடைய நலம் என்று கேட்காமல் இந்த வாதம் முழுமை பெறாது. முன்பணம் பெற்றுத் துணி நெய்த நெசவாளர் எந்த ஆலோசனைக் குழுவிலும் இல்லை. பழவேற்காட்டிலிருந்து கடல்கடந்து விற்கப்பட்ட அடிமைகள் சரக்குக் கணக்கில் மட்டுமே இடம்பெற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினி அரசதிகாரம் பெற்றபோது, நெசவாளரின் பேரம் பேசும் வலிமை எவ்வாறு முறிக்கப்பட்டது என்பதைப் பிரசன்னன் பார்த்தசாரதியின் ஆய்வு காட்டுகிறது. உள்ளே ஊழியருக்குச் சுதந்திரம் தந்த அதே பழக்கம், வெளியே கேள்வி கேட்பாரற்ற அதிகாரமாயிற்று. கிளைவ் காலத்து வங்காளக் கொள்ளையின் விதை, ஆர்மகானின் கணக்கேடுகளிலேயே இருந்தது.

திருத்தமும் தாமதமாகவே வந்தது. 1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதிகாரிகள் பரிசு பெறுவதைத் தடைசெய்தது. காரன்வாலிஸ் மாவட்ட ஆட்சியரின் மாதச் சம்பளத்தை 1,500 ரூபாயாக உயர்த்தி, வசூலில் ஒரு விழுக்காடும் அளித்தார். ஆர்மகானில் கேட்கப்படாத கேள்விக்கு ஏறத்தாழ 160 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது. அதே சீர்திருத்தம் இந்தியரை உயர்பதவிகளிலிருந்து விலக்கியது. ஊழலுக்குக் காரணம் ஊதியமுறை என்று கண்டறிந்த அதே மனிதர், இந்தியரைப் பொறுத்தவரை காரணம் பிறப்பு என்று முடிவு செய்தார்.

ஆகவே ஒரு புதிய நிறுவனத்தின் பண்பாட்டை அறிய விரும்புவோர் அதன் சுவரில் எழுதப்பட்டிருப்பதைப் படிப்பதால் பயன் குறைவு. மூன்று கேள்விகள் போதும். ஊதியம் விதியைப் பின்பற்ற இடம் தருகிறதா? நிறுவனத்துக்காக ஒருவர் எடுத்த முடிவு பிழைத்தால் இழப்பு யார் தலையில் விழுகிறது? மேசையில் இடமில்லாதவர் சார்பில் கணக்குக் கேட்க யார் இருக்கிறார்? புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைப் பதிவேடுகள் 1672 முதல் அச்சில் கிடைக்கின்றன. வணிக வரலாறு பயிலும் மாணவர்கள் இந்த மூன்று கேள்விகளோடு அவற்றைத் திறந்தால், பேரரசின் முன்வரலாற்றை மட்டுமன்றி இன்று தாம் பணிபுரியப் போகும் அலுவலகங்களின் இயல்பையும் அங்கே காணலாம்.