கடைசி வாசகம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குச் சாந்தோமில் என் பழைய சிநேகிதர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சிநேகிதர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், காலைப் பூசை தவறாதவர், மகா கோபக்காரர். மறுநாள் மாலை அடக்கம். பங்குச் சாமியார் வந்து ஜபம் சொன்னார். புறப்படும்போது மகன் கையில் ஒரு சிறு புஸ்தகத்தைக் கொடுத்து, "வாசகங்களை வீட்டார் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் காலையில் சொல்லுங்கள்" என்று சொல்லிப் போனார்.

மகன் அதை என்னிடம் நீட்டினான். "மாமா, நீங்கள் எழுதுகிறவர். எது நன்றாயிருக்கும், சொல்லுங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மயிலாப்பூர்க் குளத்தங்கரை ஆசாமி. என் தகப்பனார் காலமானபோது சாஸ்திரிகள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அர்த்தம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. சாவு வீட்டில் இன்ன வேத வாக்கியம் வேண்டுமென்று கேட்கும் உரிமை ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிற்பாடு விசாரித்துப் படித்ததில், அந்த உரிமை கத்தோலிக்கருக்கும் புதிது என்று தெரிந்தது. அவர்கள் இந்தப் பக்கத்தில் புதியவர்கள் அல்ல. லஸ்ஸில் ஜனங்கள் 'காட்டுக் கோயில்' என்று சொல்லும் மாதா கோயிலின் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. மயிலை மறைமாவட்டம் ஏற்பட்டது 1606-ல். ஆனால் 1570-ல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப் புஸ்தகம்தான் நானூறு வருஷம் ரோமாபுரிக்கும் சாந்தோமுக்கும் ஒரே சட்டமாக இருந்தது. சாமியாருக்குக் கறுப்பு உடுப்பு, பாஷை லத்தீன். அடக்க நாள் பூசைக்கு இரண்டே வாசகங்கள். ஒன்று, இறந்தவர்களைக் குறித்து நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கப்பட வேண்டாம் என்று சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதியது. மற்றொன்று, அருளப்பர் சுவிசேஷத்தில், தம்பி லாசர் செத்துப்போன பின் வந்து சேர்ந்த இயேசுவிடம் மார்த்தாள் முறையிடும் இடம். நடுவே நியாயத் தீர்ப்பு நாளின் பயங்கரத்தைச் சொல்லும் நெடும் பாட்டு. இறந்தோருக்கான கட்டளை ஜபத்தில் யோபுவின் புலம்பலிலிருந்து ஒன்பது பகுதிகள்.

இதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. உள்ளே யோபு லத்தீனில் புலம்புகிறான். வாசலில் பெண்கள் தமிழில் ஒப்பாரி வைக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே சங்கதியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது.

அந்தப் பழைய முறையில் ஒரு பெருந்தன்மையும் இருந்தது. யார் செத்தாலும் அதே வார்த்தைதான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குச் சாதி பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவருக்கு இப்புறம் போனவனுக்கும் அப்புறம் போனவனுக்கும் சின்னப்பரின் வாக்கியம் ஒன்றுதான். வார்த்தைக்குச் சுவர் எழுப்ப யாராலும் முடியவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டைப் பற்றி ஒரு சாசனம் வெளியிட்டது. கிறிஸ்தவனின் மரணம் உயிர்த்தெழுதலோடு சேர்ந்தது என்பது அடக்கச் சடங்கில் தெளிவாகத் தெரிய வேண்டும், அந்தந்தத் தேசத்து வழக்கத்துக்கும் அது பொருந்த வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. புதிய சடங்கு நூல் 1969-ல் வந்தது. கறுப்பு கட்டாயமில்லை என்றாயிற்று. பயங்கரப் பாட்டு போயிற்று. ஊர்ப் பாஷை பூசைக்குள் வந்தது. வாசகம் இரண்டு என்பது மூன்றாகலாம்: பழைய ஏற்பாடு ஒன்று, நிருபம் ஒன்று, சுவிசேஷம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பல பகுதிகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு. சாமியாரின் பிரசங்கம் இறந்தவரைப் புகழும் சொற்பொழிவாகக் கூடாது. வேதத்துக்குப் பதிலாகத் திருக்குறளையோ வேறு நூலையோ வாசிக்கவும் கூடாது. ஆகவே குடும்பத்தார் தங்கள் மனத்தில் இருப்பதை வாசகத்தின் மூலமாகத்தான் சொல்லியாக வேண்டும். இங்கேதான் வில்லங்கம் ஆரம்பமாகிறது.

மகன் தேர்ந்தெடுத்தது 'சாலமோனின் ஞானம்' மூன்றாம் அதிகாரம்: நீதிமான்களின் ஆத்துமாக்கள் கடவுள் கையில் பத்திரமாக இருக்கின்றன என்னும் பகுதி. அடக்கப் பூசைக்கு அநேகர் விரும்புவது அது. "அக்கா, நீ இதை வாசி" என்றான்.

பெரியவரின் மகள் பன்னிரண்டு வருஷத்துக்குப் பின் அன்று காலையில்தான் அந்த வீட்டுப் படி ஏறியிருந்தாள். அவள் கல்யாணம் செய்துகொண்டவர் புராட்டஸ்டண்டுக்காரர். தரங்கம்பாடி லூத்தரன்களைக் கண்டித்து வீரமாமுனிவர் 'லுத்தேரினத்தியல்பு' எழுதிய காலத்துக் கோபம் பெரியவரிடம் பாக்கி இருந்தது. மருமகனைப் 'பதிதர்' என்றார். மகளோடு பேச்சை நிறுத்தினார். சாகும் வரை பேசவில்லை.

அவள் தன் கைப்பையிலிருந்து பைபிளை எடுத்துப் புரட்டினாள். ஞான ஆகமம் அதில் இல்லை. கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்த நூலைக் கத்தோலிக்கர் வேதமாகக் கொள்வார்கள். புராட்டஸ்டண்டுகளின் தமிழ்ப் பைபிளில் வழக்கமாக அது இராது.

"பார்த்தாயா தம்பி, அப்பா கோபித்துக்கொண்ட இடம் இதிலேயே இருக்கிறது" என்றாள். பிறகு மெதுவாக, "அப்பா நீதிமான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை என் வாயால் வாசிக்கச் சொல்லாதே" என்றாள்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. நான் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஏற்பாட்டுப் பகுதிகளில் எரேமியாவின் புலம்பலும் இருந்தது. நிம்மதி போயிற்று, சந்தோஷம் என்பதே மறந்துபோயிற்று என்று கசப்போடு தொடங்கி, ஆனாலும் ஆண்டவரின் இரக்கம் தீர்ந்துவிடவில்லை, பேசாமல் காத்திருப்பது நல்லது என்று முடிகிறது. அவளிடம் காட்டினேன். தன் பைபிளிலும் எடுத்துப் பார்த்தாள். அது இரண்டிலும் இருந்தது.

"இதை வாசிக்கிறேன், மாமா" என்றாள்.

மற்ற இரண்டையும் மகன் முடிவு செய்தான். "தாத்தா அடக்கத்தில் லத்தீனில் வாசித்தார்களே, அவையே இருக்கட்டும். அப்பா அதைத்தான் விரும்புவார்." அப்படியே தெசலோனிக்கரும் மார்த்தாளும் வந்தார்கள். நானூறு வருஷத்து இரண்டு வாசகங்கள் அப்பாவுக்கு; 1969-ல் புதிதாகத் திறந்த இடம் மகளுக்கு.

மறுநாள் கோயிலில் கடைசி வரிசையில் இருந்தேன். அவள் மேடையேறி, 1995-ல் இரு சபையாரும் கூடி மொழிபெயர்த்து வெளியிட்ட திருவிவிலியத்திலிருந்து நிதானமாக வாசித்தாள். சந்தோஷம் மறந்துபோன இடத்தில் குரல் நின்றது. சற்றுப் பொறுத்து, இரக்கம் தீரவில்லை என்பதையும் வாசித்து முடித்தாள். தம்பி தலை நிமிரவில்லை.

பிறகு சாமியார் சுவிசேஷம் வாசித்தார். நீர் இங்கே இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காதே என்று மார்த்தாள் கேட்கிற இடம். அதைத் தேர்ந்தெடுத்த மகன் அந்த வாக்கியத்தை நினைத்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். அவன் தமக்கை மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.