பதினைந்தா, இருபத்தைந்தா? பெஞ்சமின் கிரஹாமின் விலை வரம்பில் ஒரு பாடபேதம்

பெஞ்சமின் கிரஹாமை இன்று பெரும்பாலோர் வாரன் பஃபெட்டின் வழியாகவே படிக்கிறார்கள். மாணவர் ஆசிரியரை விஞ்சிப் பணம் ஈட்டியதால், அவர் தந்த விளக்கமே மூலமாகவும் ஆகிவிட்டது. தனிநபர் முதலீட்டாளருக்குக் கிரஹாம் வகுத்த வழி அந்த விளக்கத்தில் மறைந்துபோனது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வழி நாற்பது ஆண்டுகளில் படிப்படியாக மாறி, 1976இல் பஃபெட் காட்டும் திசைக்கு ஏறத்தாழ எதிர்த்திசையில் முடிந்தது.

பஃபெட்டின் விளக்கம் முழுமையாக வெளிப்படும் இடம், 1984இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை. கிரஹாமும் டேவிட் டாட்டும் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடிய கூட்டம் அது. சந்தை விலையிலேயே எல்லாத் தகவலும் அடங்கிவிடுகிறது, அதை யாரும் திறமையால் வெல்ல முடியாது என்ற கட்சியின் சார்பில் பேராசிரியர் மைக்கேல் ஜென்சன் பேசினார். பஃபெட் ஒன்பது சாதனைப் பதிவுகளை முன்வைத்து மறுத்தார். வெற்றி தற்செயல் என்றால், வென்றவர்கள் இத்தனை பேர் ஒரே அறிவுலகக் கிராமத்திலிருந்து வந்தது எப்படி என்று கேட்டார். அவர்கள் அனைவரும் தேடியது ஒன்றைத்தான்: ஒரு தொழிலின் மதிப்புக்கும், அதன் சிறு துண்டான பங்கின் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு. அந்த உரை கொலம்பியா வணிகப் பள்ளியின் 'ஹெர்மீஸ்' இதழில் வெளிவந்தது. பிறகு கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலுக்கே பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது.

திறமை என்று ஒன்று உண்டு என்பதை நிறுவ அந்த வாதம் வலுவானது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதைக் கிரஹாமின் போதனைக்கான உரையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல். ஒன்பது பதிவுகளையும் பாருங்கள். முதலீட்டுக் கூட்டாண்மைகள், ஒரு பரஸ்பர நிதி, வாஷிங்டன் போஸ்ட், எஃப்.எம்.சி. ஆகிய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதிகள். அனைத்தும் பிறர் பணத்தை நிர்வகிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் கணக்குகள். மாலையில் வீடு திரும்பி, சேமிப்பை எங்கே போடுவது என்று யோசிக்கும் ஒரு பல் மருத்துவரோ பள்ளி ஆசிரியரோ அந்தப் பட்டியலில் இல்லை. 1949இல் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' எழுதப்பட்டதோ அவர்களுக்காக. தொழில்முறைப் பகுப்பாய்வாளருக்குத் தனி நூல் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

அந்த உரையில் பஃபெட் எடுத்துக்காட்டும் வாஷிங்டன் போஸ்ட் கதை இந்த இடைவெளியைக் காட்டிவிடுகிறது. 1973இல் அந்நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 8 கோடி டாலர். அதன் சொத்துகளை அன்றே விற்றிருந்தால் 40 கோடி டாலருக்குக் குறையாது என்கிறார் அவர். 8 கோடி என்பதைச் செய்தித்தாளில் யாரும் பார்க்கலாம். 40 கோடி என்று சொல்ல, ஒரு நாளிதழும் தொலைக்காட்சி நிலையங்களும் தனித்தனியே என்ன விலைக்குப் போகும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவை வாசகரிடம் எதிர்பார்க்கக் கூடாது என்ற அடித்தளத்தின் மேல்தான் கிரஹாம் தன் 'தற்காப்பு முதலீட்டாளர்' என்ற வகையையே நிறுவினார்.

ஒன்பது பேருக்குள்ளும் ஒருமை இல்லை. வால்டர் ஷ்லாஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகளை வைத்திருந்தார். அச்சிட்ட கணக்குகளைப் பார்த்து வாங்கினார், நிறுவனத் தலைவர்களைத் தேடிப் போகவில்லை. 28 ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய கூட்டாண்மை ஆண்டுக்கு 21.3 சதவீதம் வளர்ந்தது. அதே காலத்தில் எஸ் அண்டு பி குறியீடு 8.4 சதவீதம். சார்லி மங்கரோ மிகச் சில பங்குகளிலேயே பணத்தைக் குவித்தவர். இருவரையும் ஒரே கிராமத்தார் என்பது உறவுமுறையில் சரி. முறையியலில் அவர்கள் இரு வேறு வழிகள். கிரஹாம் தனிநபருக்குச் சொன்னதற்கு அருகில் நிற்பவர் ஷ்லாஸ். பஃபெட்டுக்குப் பிந்தைய வாசிப்பு பின்தொடர்ந்ததோ மங்கரை.

இன்னொரு சான்று சிறியது, ஆனால் முக்கியமானது. 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் பஃபெட் இரண்டு அத்தியாயங்களைக் குறிப்பாகப் படிக்கச் சொல்கிறார்: எட்டும் இருபதும். எட்டு, சந்தையின் ஏற்ற இறக்கத்தை எதிர்கொள்ளும் மனநிலை பற்றியது. இருபது, பாதுகாப்பு விளிம்பு பற்றியது. இரண்டும் அருமையான பகுதிகள்தாம். ஆனால் தனிநபர் எந்தப் பங்கை, என்ன விலைக்குள், எத்தனை எண்ணிக்கையில் வாங்கலாம் என்று எண்களோடு பேசுபவை ஐந்தாம், பதினான்காம் அத்தியாயங்கள். மனப்பாங்கும் தத்துவமும் முன்னுக்கு வந்தன, விதிகள் பின்னுக்குப் போயின. அதனால்தான் ஐந்தாம், பதினான்காம் அத்தியாயங்கள் ஒன்றோடொன்று முரண்படுவது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

முரண் இதுதான். 1973இன் நான்காம் திருத்தப் பதிப்பில், ஐந்தாம் அத்தியாயம் தற்காப்பு முதலீட்டாளருக்கு நான்கு விதிகள் தருகிறது. பத்துக்குக் குறையாமல் முப்பதுக்கு மிகாமல் பங்குகள். பெரிய, பெயர்பெற்ற, கடன் மிகாத நிறுவனங்கள். தொடர்ந்து பங்காதாயம் தந்த நீண்ட வரலாறு. விலைக்கு ஒரு வரம்பு. அந்த வரம்பு, கடந்த ஏழு ஆண்டுகளின் சராசரி ஈட்டத்தைப் போல் 25 மடங்கு, கடந்த பன்னிரண்டு மாத ஈட்டத்தைப் போல் 20 மடங்கு. ஒன்பது அத்தியாயங்கள் தள்ளி, அதே தற்காப்பு முதலீட்டாளருக்கு ஏழு விதிகள் வருகின்றன. அங்கே விலை, மூன்றாண்டுச் சராசரி ஈட்டத்தைப் போல் 15 மடங்கைத் தாண்டக் கூடாது. புத்தக மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு மடங்குகளின் பெருக்குத்தொகை 22.5க்குள் இருந்தால் ஒன்று கூடி மற்றொன்று குறையலாம்.

ஒரே நூல், ஒரே வாசகர், இரண்டு வரம்புகள். இதை எளிதாகச் சமாதானம் செய்யலாம்: 25 என்பது வெளிச்சுவர், 15 என்பது உள்வாசல். வளர்ச்சிப் பங்குகள் என்று கொண்டாடப்படுபவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் முதல் வரம்பே விலக்கிவிடும் என்று கிரஹாமும் ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்வதால், இந்தச் சமாதானத்துக்குச் சற்று இடம் உண்டு. எனக்கு அது போதவில்லை. காரணம் பங்காதாய விதியில் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் 1950 முதலாவது தொடர்ந்து பங்காதாயம் வந்திருக்க வேண்டும் என்கிறது. அதே விதியில் 1971இன் டவ் ஜோன்ஸ் பட்டியலையும் சுட்டுகிறது. பதினான்காம் அத்தியாயம் இருபது ஆண்டுத் தொடர்ச்சி கேட்கிறது. 1950இலிருந்து 1971 வரை எண்ணினால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. திருத்தியவர் கை பங்காதாய வரியின் மேல் சென்றிருக்கிறது. அடுத்துள்ள விலை வரியைத் தொடவில்லை. பழைய ஏட்டில் ஒரு செய்யுளைப் புதுப்பித்து அடுத்ததை அப்படியே விட்டுப்போன நிலையைப் போன்றது இது.

விலை வரி பழைய அடுக்கைச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது, ஏழாண்டுச் சராசரி. 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' சராசரி ஈட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல், கூடுமானால் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை எடுக்கச் சொன்னது. மூன்றாண்டுச் சராசரி பிந்தைய பழக்கம். இரண்டாவது அடையாளம் வட்டி. பதினான்காம் அத்தியாயத்திலேயே கிரஹாம் ஒரு திறவுகோல் தருகிறார்: வாங்கும் பங்குகளின் தொகுப்பு மொத்தமாக, உயர்தரக் கடன்பத்திரம் தரும் அளவுக்காவது ஈட்டம் தர வேண்டும். அன்று ஏஏ தரக் கடன்பத்திரம் 7.5 சதவீதம் தந்தது. ஆகவே தொகுப்பின் விலை ஈட்டத்தைப் போல் 13.3 மடங்குக்குள். இந்தத் திறவுகோலை ஐந்தாம் அத்தியாயத்தில் போட்டுப் பாருங்கள். 25 மடங்கு என்றால் 4 சதவீத ஈட்டம். 20 மடங்கு என்றால் 5 சதவீதம். 1971இல் இந்த வரம்பு கடன்பத்திரத்தைவிடக் குறைந்த ஈட்டத்துக்கு அனுமதி தரும். ஏஏஏ தரப் பத்திரங்கள் சராசரியாக 1965இல் சுமார் 4.5, 1959இல் சுமார் 4.4 சதவீதம் தந்தன. அந்தச் சூழலில் 20 மடங்கு பொருந்தும்.

வட்டிக் கணக்கை மட்டும் வைத்து அந்த வரி இந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று சொல்ல இயலாது; 1949இல் வட்டி 2.7 சதவீத அளவில் இருந்ததால் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' முதற்பதிப்பின் காலத்தோடும் அது முரண்படாது. 1971க்கு முந்தியது என்பது வரை மட்டுமே வற்புறுத்துவேன்.

பின்னோக்கிப் போனாலும் இந்த வட்டித் தொடர்பு தெரிகிறது. 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலின் 1934 முதற்பதிப்பு, முதலீடு என்று சொல்லத்தக்க உச்ச விலையைச் சராசரி ஈட்டத்தைப் போல் 16 மடங்கு என்றது. 1940இன் இரண்டாம் பதிப்பில் அது 20 ஆனது. இடையில் ஏஏஏ வட்டி 4 சதவீதத்திலிருந்து 3க்கும் கீழே இறங்கியிருந்தது. இந்த விகிதம் எல்லாக் காலத்திலும் சீராக இருக்கவில்லை: 1934இல் பங்கின் ஈட்டம் கடன்பத்திரத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டியிருந்தது, 1973இல் சமமாக இருந்தால் போதும் என்றார். எனவே ஒரே சூத்திரம் என்று நான் சொல்லவில்லை. வட்டி நகரும்போது வரம்பும் நகர வேண்டும் என்ற எண்ணம் தொடர்ந்து இருந்தது. எந்த ஒரு எண்ணும் அவருக்கு நிலையானதல்ல.

இந்த எண்ணத்தின் கடைசி வடிவம் 1976இல் கிடைக்கிறது. அது நேர்காணல்களாக மட்டுமே இருப்பதால், பெரும்பாலோர் அதை 82 வயது முதியவரின் பேச்சாக ஒதுக்கிவிட்டார்கள். ஒன்று 'ஃபைனான்ஷியல் அனலிஸ்ட்ஸ் ஜர்னல்' இதழில் வந்தது. மற்றொன்று 'மெடிக்கல் எகனாமிக்ஸ்' என்ற மருத்துவர்களுக்கான இதழில், 1976 செப்டம்பர் 20 தேதியிட்டு. மறுநாள் கிரஹாம் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் காலமானார். விதி மிகச் சுருக்கமானது. ஏஏஏ கடன்பத்திர வட்டியை இரட்டிப்பாக்கு. குறைந்தது அந்த அளவு ஈட்டம் தரும் விலையில் உள்ள பங்கை மட்டும் பார். வட்டி 7 என்றால் 14 சதவீத ஈட்டம். அதாவது சுமார் 7 மடங்கு விலை. நிறுவனத்தின் மொத்தச் சொத்தில் பாதியாவது உரிமையாளரின் பங்காக இருக்க வேண்டும். ஏறத்தாழ முப்பது பங்குகள் வாங்கு. 50 சதவீதம் ஏறினால் விற்றுவிடு. ஏறாவிட்டால் வாங்கியதற்கு அடுத்த இரண்டாம் ஆண்டின் முடிவில் விற்றுவிடு.

இதில் தொழிலை மதிப்பிடும் வேலையே இல்லை. 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' எழுதியவர், விரிவான பகுப்பாய்வை இனித் தாம் பரிந்துரைப்பதில்லை என்று பகுப்பாய்வாளர்களின் இதழிலேயே சொன்னார். அத்தனை உழைப்பும் அதன் செலவை ஈடுசெய்யும் அளவுக்கு மேலான தேர்வுகளைத் தருமா என்று ஐயப்பட்டார். அந்த அளவில் மட்டும் தாம் பேராசிரியர்களின் பக்கம் என்றும் ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து பஃபெட் அதே பேராசிரியர் கட்சிக்கு எதிராகக் கிரஹாமின் பெயரால் வாதாடினார். வாதம் பஃபெட்டுடையது, அதற்கு மதிப்புண்டு. ஆனால் 1976ஐ ஒதுக்கிவிட்டு அதைக் கிரஹாமின் முடிவு என்று காட்டுவது நூல்வரலாற்றுக்குப் பொருந்தாது.

முதுமையின் தளர்ச்சி என்ற மறுப்பை என்னால் ஏற்க முடியாது. 1976இன் விதியில் பங்கை வாங்குவது பற்றிய ஒவ்வொரு உறுப்பும் 1973இல் கருவாக இருக்கிறது: கடன்பத்திரத்தோடு ஒப்பீடு, முப்பது என்ற எண்ணிக்கை, கடன் குறைந்த நிறுவனம், தனிப் பங்கைவிடத் தொகுப்பின் மேல் நம்பிக்கை. பதினான்காம் அத்தியாயத்தில் அவர் தம் ஏழு விதிகளையும் டவ் ஜோன்ஸின் 30 நிறுவனங்கள் மேல் போட்டுப் பார்த்தார். ஐந்து மட்டுமே தேறின: அமெரிக்கன் கேன், ஏ.டி. அண்டு டி., அனகோண்டா, ஸ்விஃப்ட், உல்வொர்த். அனகோண்டாவின் சிலி நாட்டுச் செம்புச் சுரங்கங்களை 1971 ஜூலையில் அந்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கியது. ஏழு விதிகளாலும் தடுக்க முடியாத இடி அது. தனித் தேர்வைவிடத் தொகுப்பை நம்பச் சொல்லும் விதியின் நியாயம், அவருடைய சொந்தப் பட்டியலிலேயே இருந்தது.

எதிர்ச்சான்று ஒன்றுண்டு. 1948இல் கிரஹாம் நடத்திய கிரஹாம்-நியூமன் நிறுவனம் கெய்கோ காப்பீட்டு நிறுவனத்தின் பாதியை வாங்கியது. 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலின் பின்னுரையில் கிரஹாம் இதைச் சொல்கிறார்: நிதியின் ஐந்தில் ஒரு பங்கு ஒரே இடத்தில் போடப்பட்டது, அதில் வந்த லாபம் இருபது ஆண்டுகளின் மற்ற எல்லா லாபத்தையும் விஞ்சியது. பஃபெட்டின் வாசிப்புக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பாதியை வாங்கிக் கட்டுப்படுத்த முடிந்த இரண்டு தொழில்முறைப் பங்காளிகளின் கதையாகத்தான் அது வருகிறது. தற்காப்பு முதலீட்டாளருக்கான எந்த விதியையும் அவர் அதைக்கொண்டு தளர்த்தவில்லை.

இன்று இந்தியப் பங்குத் தளங்களில் 'கிரஹாம் எண்' என்று ஒன்று காட்டப்படுகிறது: 22.5ஐ ஒரு பங்கின் ஈட்டத்தாலும் புத்தக மதிப்பாலும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுப்பது. மூன்றாண்டுச் சராசரி அங்கே பெரும்பாலும் ஓராண்டு ஈட்டமாகிவிடுகிறது. மற்ற ஐந்து விதிகள் காணாமல் போகின்றன. வட்டியோடு ஒப்பிடும் திறவுகோல் அறவே இல்லை. ஏழரை சதவீத வட்டியின் காலத்தில் பிறந்த 22.5, எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் மாறாத எண்ணாக நிற்கிறது. கிரஹாமின் பெயரில் உலவும் இந்த எண்ணை நம்பிப் பணம் போடுபவர்கள், முதலில் நம் நாட்டு அரசுக் கடன்பத்திரம் அன்று என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும்.

1949 முதல் 1973 வரையான பதிப்புகளை வரிக்குவரி ஒப்பிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தின் விலை வரி எங்கே நுழைந்தது, எங்கே மாறாமல் நின்றது என்று குறிக்கும் ஒப்பீட்டுப் பதிப்பு ஒன்று தேவை. நம் இலக்கியங்களின் பாடபேதங்களைப் பொறுமையாகப் பதிப்பித்துப் பழகிய தமிழ் ஆய்வாளர்களில் யாரேனும் ஒருவர் இந்தப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டும்.