எரித்ரோபொயட்டின் ஏற்பியும் அதை அறியும் பிறபொருளெதிரிகளும்

எரித்ரோபொயட்டின் ஏற்பி என்பது எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களாக வளரவிருக்கும் இளம் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு சைட்டோகைன் ஏற்பி ஆகும். இரத்தத்தில் ஆக்சிசன் குறையும்போது சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது இந்த ஏற்பியில் வந்து இணைந்ததும், செல்லுக்குள் நீண்டிருக்கும் ஏற்பியின் வால் பகுதியில் பாஸ்பேட் ஏறுகிறது. இவ்வாறு பாஸ்பேட் ஏறிய வாலை மட்டும் இனங்காணும் பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடிகள்), சிவப்பணு உருவாக்கத்தை ஆராய்வோர்க்கு முக்கியமான கருவிகளாகும். இவற்றின் வரலாற்றில் வெற்றியும் உண்டு; நோயாளிகளின் சிகிச்சை குறித்த விவாதம் வரை சென்ற ஒரு பிழையும் உண்டு.

கண்டுபிடிப்பு

1977இல் மியாகே, குங், கோல்ட்வாசர் ஆகியோர் கடும் இரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து எரித்ரோபொயட்டினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். 1985இல் அதன் மரபணு படியெடுக்கப்பட்டது. 1989இல் அமெரிக்காவில் அது சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் ஆலன் டி ஆண்ட்ரியா, ஹார்வி லோடிஷ் ஆகியோரின் குழு ஏற்பியின் மரபணுவைக் கண்டறிந்தது.

இந்த ஏற்பிக்குத் தானே பாஸ்பேட் ஏற்றும் திறன் இல்லை. அதனுடன் ஒட்டியிருக்கும் ஜாக்2 என்னும் நொதியே வாலில் உள்ள தைரோசின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்பது 1993இல் தெரியவந்தது. வாலில் மொத்தம் எட்டுத் தைரோசின்கள் உள்ளன. 343ஆம் இடத்தில் உள்ளது வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் ஸ்டாட்5 புரதத்தை இழுத்துக்கொள்கிறது. 429ஆம் இடத்தில் உள்ளது, ஜாக்2 நொதியை அடக்கும் வேறொரு நொதியை வரவழைக்கிறது. அதாவது, ஒரே வாலில் முடுக்கியும் தடையும் சேர்ந்தே உள்ளன.

தடை இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரான்டா எடுத்துக்காட்டு. 1964ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்ற அவரது இரத்தத்தில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தன. அவரது குடும்பத்தில் பலருக்கு ஏற்பியின் வால் நுனியில் 70 அமினோ அமிலங்கள் பிறவியிலேயே இல்லை என்று 1993இல் கண்டறியப்பட்டது. 429ஆம் தைரோசின் அந்த இழந்த பகுதியில்தான் இருந்தது.

பாஸ்பேட்டை அறியும் பிறபொருளெதிரிகள்

ஒரு விலங்கின் உடலில் அயல்பொருளைச் செலுத்தினால் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள் உருவாகும். 1978இல் தொடங்கப்பட்ட, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பாம்புக்கடி மருந்து தயாரிப்பதும் இந்த அடிப்படையில்தான். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் முயல்களும் எலிகளும் பயன்படுகின்றன.

தைரோசினில் பாஸ்பேட் ஏறுவதை 1979இல் டோனி ஹண்டர் குழுவினர் கண்டனர். 1981இல் ராஸ், பால்டிமோர், ஐசன் ஆகியோர் பாஸ்பேட் ஏறிய தைரோசினைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை உருவாக்கினர். ஆனால் இவை எந்தப் புரதத்தில் இருந்தாலும் அந்தத் தைரோசினைப் பற்றிக்கொள்பவை. ஒரு குறிப்பிட்ட புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவையும் ஏறாத வடிவையும் வேறுபடுத்தும் சீரத்தை 1982இல் நெயர்ன், கிரீன்கார்டு குழுவினர் வெளியிட்டனர்.

இன்றைய தயாரிப்பு முறையில், ஏற்பியின் வாலில் தைரோசினைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 10 முதல் 15 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு, பாஸ்பேட்டுடன் செயற்கையாக ஆக்கப்படுகிறது. அதை ஒரு பெரிய புரதத்துடன் இணைத்து முயலுக்குச் செலுத்துவர். பின்னர் முயலின் சீரம் இருமுறை வடிக்கப்படும். முதல் வடிப்பில் பாஸ்பேட் உள்ள துண்டுடன் ஒட்டுபவை சேகரிக்கப்படும். இரண்டாவதில் பாஸ்பேட் இல்லாத துண்டுடனும் ஒட்டுபவை நீக்கப்படும்.

பொய்ச் சாட்சி

புற்றுநோயாளிகளின் இரத்தசோகைக்கும் எரித்ரோபொயட்டின் கொடுக்கப்பட்டுவந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 351 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களிடம் புற்று கட்டுப்படுவது குறைந்திருந்தது. புற்றுச் செல்களிலும் இந்த ஏற்பி இருக்குமோ, மருந்து புற்றையே வளர்க்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. கடைகளில் கிடைத்த பிறபொருளெதிரிகளால் சாயமேற்றிப் பார்த்தபோது பல புற்றுகளில் ஏற்பி இருப்பதாகத் தெரிந்தது.

2006இல் ஸ்டீவ் எலியட் குழுவினர் அந்தப் பிறபொருளெதிரிகளைச் சோதித்தனர். மிகப் பரவலாகப் பயன்பட்ட ஒன்று உண்மையில் பற்றிக்கொண்டது ஏற்பியை அன்று. வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 உள்ளிட்ட வேறு புரதங்களை. எலியட் பணிபுரிந்தது எரித்ரோபொயட்டினை விற்கும் நிறுவனத்தில் என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் ஏற்பியே இல்லாத செல்களிலும் அந்தப் பிறபொருளெதிரி ஒட்டியது என்பது எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனை. நம்பகமான ஒற்றைவகைப் பிறபொருளெதிரி 2010இல்தான் வெளிவந்தது.

நோயாளிகளிடம் கண்ட தீங்கு இதனால் பொய்யாகிவிடவில்லை. 2007 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. தீங்கு உண்மை; அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தின் சான்றுதான் பழுதானது.

சோதிக்கும் முறை

பாஸ்பேட் ஏறிய ஏற்பியை அறியும் பிறபொருளெதிரி இரண்டு கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: பற்றியது அந்த ஏற்பியையா? பாஸ்பேட் உள்ளபோது மட்டுமா? ஏற்பி இல்லாத செல்லில் அடையாளம் தோன்றக் கூடாது. எரித்ரோபொயட்டின் சேர்ப்பதற்கு முன் மங்கலாகவும் சேர்த்த பின் தெளிவாகவும் தெரிய வேண்டும். பாஸ்பேட்டை நீக்கும் நொதியைச் சேர்த்தால் மறைய வேண்டும். தைரோசினுக்குப் பதிலாக, பாஸ்பேட் ஏற்க இயலாத பினைல்அலனினை வைத்தாலும் மறைய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், படத்தில் தெரியும் கறுப்புப் பட்டை வேறு ஏதோ ஒரு புரதத்தினுடையதாக இருக்கலாம்.